மோட்டார் அத்தை பெண் பார்க்கக் கிளம்பினாள்

மோட்டார் அத்தையிடம் தோற்காத மனிதர் எங்கள் பக்கத்தில் ஒருவரும் கிடையாது. திருச்சி பிட்டர், ஹெட்மாஸ்டர், மாப்பிள்ளை வீட்டார், ஒருமுறை அன்னவாசல் சந்தையில் அவளை முட்ட வந்த காளை, எல்லோரும் தோற்றவர்கள்தான். காளையாவது கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்று அவளுக்கு ஒன்று இருந்திருக்க வேண்டும். ஓட்டுச் சாவடியில் அதை யாரோ உரக்கப் படித்தபோது, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அத்தையே பின்னால் திரும்பிப் பார்த்தாளாம். ஊருக்கெல்லாம் அவள் மோட்டார் அத்தை. எனக்கு உறவுமுறையில் அத்தையா என்று கேட்காதீர்கள். அவள் எல்லோருக்கும் அத்தை. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், பாதுகாப்புக்காக.

அன்னவாசலிலிருந்து இலுப்பூர் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ஊர். ஐம்பதுகளின் நடுவில் அங்கே கரண்டுக் கம்பம் நட்டார்கள். அதுவரை கமலை கட்டி, மாடுகளை முன்னும் பின்னும் ஓட்டித்தான் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது. கம்பி வந்ததும் ஊரில் முதல் ஆளாக மோட்டார் வாங்கியவள் அத்தை. காதில் கிடந்த கல்தோட்டைக் கழற்றி விற்று வாங்கினாள். காரணப் பெயர் அப்படி வந்தது.

அத்தையின் வீட்டுக்காரரை மாமா என்போம். எந்நேரமும் வாயில் வெற்றிலை இருக்கும். வாயைத் திறந்தால் சாறு சிந்திவிடும் என்பதால் பேச மாட்டார். இரண்டு பையன்கள். மூத்தவனுக்கு ஸ்விட்சைக் கண்டால் பயம். இளையவனுக்குக் கணக்கைக் கண்டால் காய்ச்சல். ஆக, மோட்டாரைப் போடுவது, நிறுத்துவது, அதோடு சண்டை போடுவது எல்லாம் அத்தைதான்.

ஒரு கோடையில் கடலை பூத்து விழுது இறங்குகிற நேரமாகப் பார்த்து மோட்டார் புகைந்துவிட்டது. பழுது பார்க்கத் திருச்சியிலிருந்து பிட்டர் வர வேண்டும். ஆள் மேல் ஆள் அனுப்பி, பாதிக் கொல்லை காய்ந்த பிறகு வந்து சேர்ந்தார். வந்தவர் முதலில் சாப்பிட்டார். பிறகு கொஞ்சம் படுத்தார். பிறகு மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்து, மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மூக்கைச் சுளித்தார்.

"இங்கிட்டு பொம்பளைங்க வந்து போவாங்களா?"

"நான்தான் போடுறேன், நான்தான் நிப்பாட்டுறேன். ஏன்?"

"அதான பாத்தேன். பொம்பள பொழங்குற எடத்துல மோட்டாரு நிக்காது. பொகையத்தான் செய்யும்."

அத்தை இடுப்பில் கை வைத்தாள். அவள் இடுப்பில் கை வைத்தால் தெரிந்தவர்கள் ஓடிவிடுவார்கள். பிட்டர் ஊருக்குப் புதிது.

"ஏம்பா, இந்த மோட்டாரு வாங்குனது என் தோட்ட வித்து. தோடு யாரு போடுவா, நீயா போடுவ? பொம்பள வாடை ஆகாதுன்னா இது கடையிலயே பொகைஞ்சிருக்கணும்ல?"

பதில் தெரியாத ஆண்கள் சிரிப்பார்கள். பிட்டரும் சிரித்தார்.

"வாய் நல்லாத்தான் நீளுது. இந்த ஊர்ல எவளுக்காச்சும் இத அவுத்துப் பூட்டத் தெரியுமா?"

"இன்னைக்கித் தெரியாது. தெரிய வைக்கிறேன். இதே எடத்துல ஒரு பொட்டப்புள்ள ஒக்காந்து இத அவுக்கும். அன்னைக்கி ஒனக்கும் சேத்து ஒல வைக்கிறேன், வந்து பாத்துட்டுச் சாப்புட்டுட்டுப் போ."

பிட்டர் இன்னும் சிரித்தார். அப்போது மாமா வெளியே போய் வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, உள்ளே வந்தார். "சிரிக்காதப்பா. அவ செய்வா" என்றார். மாமாவின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அத்தை ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் போனாள்.

"பிட்டருக்கு மேல யாரு?"

"இஞ்சினியர்."

"இஞ்சினியருக்கு மேல?"

"பெரிய இஞ்சினியர்."

"எல்லாம் ஒரே படிப்புதான? அப்ப அதையே படிக்க வச்சுருவோம்."

யாரை என்று வாத்தியார் கேட்டார். "அதத்தான் தேடணும்" என்று சொல்லிவிட்டு அத்தை பெண் பார்க்கக் கிளம்பினாள்.

இங்கேதான் ஊர் குழம்பியது. கல்யாண வயதில் இரண்டு பையன்களை வைத்திருக்கும் ஒருத்தி, வெளுத்த சேலை கட்டி, வீடு வீடாகப் போய், "ஒங்க வீட்டுல எத்தன பொம்பளப்புள்ள? கூப்புடுங்க பாப்போம்" என்றால் ஊர் என்ன நினைக்கும்? போன வீட்டிலெல்லாம் பாயை விரித்தார்கள். முறுக்கு சுட்டார்கள். காப்பிக்குப் பால் இல்லாதவர்கள் கடன் வாங்கிக் காப்பி போட்டார்கள். அத்தை முறுக்கையும் விடவில்லை, காப்பியையும் விடவில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டு, தலை குனிந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து, "பதினாலு ஆறு எவ்வளவுடி?" என்பாள். பெண் அழும். அத்தை அடுத்த வீட்டுக்குப் போவாள்.

எங்கள் பக்கத்து வீட்டு அடைக்கலம் மாமாவின் மகள் சிகப்பி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, பதின்மூன்று. அவளைப் பார்க்க அத்தை வருகிறாள் என்றதும் சிகப்பிக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பூ வைத்து, கண்ணுக்கு மை தீட்டியிருந்தார்கள். வேடிக்கை பார்க்க நான் கதவோரம் நின்றேன்.

"பதினேழு எட்டு?" என்றாள் அத்தை.

"நூத்தி முப்பத்தாறு" என்றாள் சிகப்பி. சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தி, "எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள்.

அத்தை முறுக்கைக் கீழே வைத்தாள். அதுவரை எந்த வீட்டிலும் முறுக்கைக் கீழே வைத்ததில்லை.

அடைக்கலம் மாமா பூரித்துப்போய், "ஜாதகம் எடுத்தாரவா?" என்றார்.

"அது கெடக்கட்டும். கணக்குப் பரீட்ச பேப்பரு இருந்தா எடுத்தாங்க."

விஷயம் விளங்கியபோது அவர் முகம் விழுந்துவிட்டது. பையனுக்குக் கேட்கவில்லை, மோட்டாருக்குக் கேட்கிறாள்! ஆனால் அத்தை அப்படியெல்லாம் எழுந்து போகிறவளா? பெண்ணை ஹைஸ்கூலுக்கு அனுப்புவதாக வாக்கு வாங்காமல் பாயை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மதியம் அவளுக்கும் சோறு போட வேண்டியதாயிற்று. ராத்திரிக்கும் இருப்பாள் போலிருந்தது. அடைக்கலம் மாமா சரி என்றார்.

"ஒத்தையில எப்புடி அனுப்புறது?" என்று கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார்.

அத்தை கதவோரம் திரும்பினாள். "இந்தாடி, ஒம்பது ஏழு?"

"அறுபத்தஞ்சு" என்றேன்.

"பக்கத்துல வந்துருச்சு. துணைக்கு இவ போதும்."

என்னுடைய உயர்கல்வி இப்படித்தான் ஆரம்பமாயிற்று. கூடப் போக ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகப் படிக்க வைக்கப்பட்டவள் நான். என் அப்பா மறுத்துப் பார்த்தார். அத்தை எங்கள் வீட்டிலும் பாயைத் தேடினாள். அப்பா உடனே ஒப்புக்கொண்டார்.

பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஒரு ஹைஸ்கூல். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது அங்கே இருக்கும் நல்ல ஹெட்மாஸ்டர் எதற்கு வருத்தப்பட வேண்டும்? எங்கள் காலத்தில் அங்கே பெண்களுக்கு ஜெனரல் கணக்குதான். இஞ்சினியரிங் போக வேண்டுமென்றால் காம்போசிட் கணக்கு வேண்டும். அந்தப் பீரியட் வந்தால் பையன்கள் அல்ஜீப்ராவுக்குப் போவார்கள், பெண்கள் தையலுக்குப் போவோம்.

அத்தை ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"எங்க புள்ளைக்கு அந்தப் பெரிய கணக்கு வேணும்ங்க."

"அம்மா, அது ரூம் நிறையப் பசங்க இருக்கிற கிளாஸ். பொம்பளப் பிள்ளைங்க எப்படி உக்காரும்? தையல் கத்துக்கட்டும், பின்னால உபயோகப்படும்."

"அம்புட்டு உபயோகம்னா பசங்களத் தையலுக்கு அனுப்புங்க. ரூமு காலியாயிரும். நாங்க உக்காந்துக்கிறோம்."

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர்தான். "விதி இடம் கொடுக்காதும்மா" என்றார். அத்தைக்கு விதி என்றால் தலைவிதி ஒன்றுதான் தெரியும். அதையே அவள் மதித்ததில்லை. மறுநாள் ஒரு மூட்டை கடலையோடு வந்து, ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் உட்கார்ந்து, கடலை உடைக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா இது?"

"விதைக் கடலைங்க. வீட்டுல ஒடைச்சா என்ன, இங்க ஒடைச்சா என்ன? நீங்க ஒங்க வேலையப் பாருங்க."

ஆடிக் காற்று. தோல் எல்லாம் உள்ளே பறந்தது. ஹெட்மாஸ்டரின் மேஜையில் தோல், மைக்கூட்டில் தோல், வழுக்கைத் தலையில் தோல். வாத்தியார்கள் கையெழுத்துப் போட வந்தால் சரசரவென்று மிதித்துக்கொண்டு வந்தார்கள். ப்யூன் பெருக்கப் பெருக்க அத்தை உடைத்தாள். மூட்டை தீர்ந்தது. இன்னொரு மூட்டையை மாமா சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்ற சேதி வந்த அன்று ஹெட்மாஸ்டர் கைகூப்பினார்.

"கூட இன்னொரு பொண்ணு இருந்தா உக்காரட்டும்மா. ஒத்தப் பொண்ண உக்கார வைக்க முடியாது."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தையல் துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பலனில்லை.

இப்படியாக, ஒன்பது ஏழு தெரியாத நான் காம்போசிட் கணக்கு படித்தேன். முதல் நாள் நாங்கள் நுழைந்தபோது போர்டில் பெரிதாக 'அடுப்படி அந்தப் பக்கம்' என்று எழுதியிருந்தார்கள். சிகப்பி நேராகப் போய் அதை அழித்தாள். அழித்துவிட்டு, முந்தின நாள் வாத்தியார் கொடுத்து யாரும் முடிக்காத கணக்கைப் போட்டு முடித்து, கையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பையன்கள் பரீட்சை சமயத்தில் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார அடித்துக்கொண்டார்கள். போர்டில் எழுதியவனும் அதில் உண்டு.

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்தது. சிகப்பி கணக்கில் பள்ளிக்கே முதல். நான் எப்படியோ தேறினேன். எப்படி என்பது எனக்கும் தெரியாது.

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் அடைக்கலம் மாமா விராலிமலையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். ரோட்டோரம் சொந்தமாகப் பலசரக்குக் கடை, நல்ல இடம். பங்காளிகள் எல்லாம் சொல்லிச் சொல்லி அவர் மனசைக் கரைத்திருந்தார்கள். அத்தை போய் நின்றபோது அவர் கோபப்படவில்லை, கெஞ்சினார்.

"விட்டுரு அத்த. இதுக்கு மேல படிக்க வச்சா ஊர்ல தலையக் காட்ட முடியாது."

"தலையக் காட்டாத. பொண்ணு மார்க்கக் காட்டு."

"என் சாதிசனம் என் வீட்டு நல்லது கெட்டதுக்கு வராது."

"வராட்டி சோறு மிச்சம்."

ஆனாலும் அவர் இந்த முறை அசையவில்லை. பூ வைக்க நாள் குறித்துவிட்டார். அத்தை வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். மோட்டார் அத்தை பகலில் படுத்ததை ஊர் அன்றுதான் பார்த்தது.

பூ வைக்கிற அன்று மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டி வந்தார்கள். சாப்பாடு முடிந்து தட்டு மாற்றப் போகிற நேரத்தில் அத்தை வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தாள். அடைக்கலம் மாமாவுக்கு வியர்த்துவிட்டது. எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம். அத்தை வாயைத் திறக்கவில்லை. பேசியது சிகப்பி.

"எனக்கு இப்பக் கல்யாணம் வேணாம்ப்பா. நான் படிக்கணும்" என்றாள். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

மாப்பிள்ளையின் தகப்பனார் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார். "என்னம்மா படிக்கப் போற?"

"இஞ்சினியருக்கு."

அவர் சிரித்தார். அவர் சிரித்ததும் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அடைக்கலம், பொண்ணு நல்லா வேடிக்க பேசுது! கூத்துல சேத்துவிடலாம் போலருக்கே!"

சிகப்பி தலையைக் குனியவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது, ஆனால் சிரித்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடைக்கலம் மாமா மகளைப் பார்த்தார். பிறகு சிரிக்கிறவர்களைப் பார்த்தார். தன் வீட்டில், தன் சோற்றைத் தின்றுவிட்டு, தன் மகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் சாப்புட்டாச்சுல்ல? இருட்டுறதுக்கு முன்னாடி கெளம்புங்க."

"என்னய்யா சொல்ற?"

"எம் மக வேடிக்க பேசல. அவ படிக்கப் போறா. கெளம்புங்க."

வண்டிகள் போன பிறகு அவர் அத்தையிடம் திரும்பிக் கத்தினார். "எல்லாம் நீ தூண்டி விட்டதுதான!"

"நான் எங்க தூண்டுனேன்? எனக்கு மூணு நாளாப் பல்லு வலி. அதான் அவ பேசிட்டா" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள் அத்தை. பிறகு மிச்சமிருந்த பாயசத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சிகப்பி திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.யு.சி. படித்தாள். இந்த முறை துணைக்கு ஆள் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானாகவே அழுது அடம்பிடித்துக் கூடவே சேர்ந்தேன், பி.யு.சி. முடிந்ததும் தமிழ் இலக்கியம் எடுத்தேன். "அதுல கணக்கு உண்டா?" என்று அத்தை கேட்டாள். இல்லை என்றேன். "படி, பாவம்" என்றாள்.

இஞ்சினியரிங் காலேஜ் இண்டர்வியூவுக்கு நாங்கள் மூவரும் போனோம். வராண்டா முழுக்கப் பையன்களும் அவர்களுடைய அப்பாக்களும். பெண் என்று சிகப்பி ஒருத்திதான். அத்தை சும்மா இருப்பாளா? பக்கத்தில் இருந்த பையனிடம், "தம்பி, மோட்டாரு பொகைஞ்சா மொதல்ல எதப் பாப்ப?" என்று கேட்டாள். அவன் விழித்தான். அடுத்தவனிடம் நகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வராண்டாவில் பாதிப் பேர் மோட்டார் புத்தகம் தேட ஆரம்பித்துவிட்டார்கள். விடை அத்தைக்கும் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உள்ளே நடந்ததைச் சிகப்பி வெளியே வந்து சொன்னாள். பெரியவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். கணக்கு, பௌதிகம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒருவர், "கல்யாணம் ஆனா வீட்டுல உக்காந்துருவ. ஒரு சீட்டு வீணாப் போகாதா?" என்றாராம்.

"நீ என்னடி சொன்ன?" என்று அத்தை பறந்தாள்.

"உங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆயிருச்சா சார்னு கேட்டேன். ஆயிருச்சுன்னாங்க. நீங்க யாரும் வேலைய விடலையே சார்னேன்."

"அப்பறம்?"

"நடுவுல இருந்தவர் இருமுனாரு. போகலாம்னுட்டாங்க."

சீட்டு போய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன். அத்தை வராண்டாவிலேயே அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். சீட்டு கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் அத்தையைச் சிகப்பி தோற்கடித்தாள். அவள் எடுத்தது சிவில்.

"சிவிலா? அது என்ன?"

"ரோடு, அணை, பாலம் எல்லாம் கட்டுறது அத்த."

"அப்ப என் மோட்டாரு?"

"எனக்கு மோட்டாரு புடிக்கல அத்த. பாலந்தான் புடிச்சிருக்கு."

"கடலத்தோல்ல ஒக்காந்து ஒனக்குப் பெரிய கணக்கு வாங்கிக் குடுத்தது பாலத்துக்கா?"

"நான் ஆசப்பட்டதப் படிக்கத்தான வாங்கிக் குடுத்தீங்க?" என்றாள் சிகப்பி. நிமிர்ந்து நின்று, அத்தையைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

அத்தை அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சிகப்பி லீவுக்கு வந்து வாசலில் நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் அடுத்த வாரமே வெளுத்த சேலை கட்டி மறுபடி கிளம்பிவிட்டாள். இந்த முறை அவள் வருகிறாள் என்றால் யாரும் முறுக்குச் சுடவில்லை, பிள்ளைகளை உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்கள். பாக்கியம் என்ற பெண் பிடிபட்டாள். அவள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தாள். லீவில் வந்து, பிட்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்த மோட்டாரைக் கழற்றி மாட்டினாள். மாட்டி முடித்தபோது ஒரு போல்ட் மிச்சமிருந்தது. பிட்டர் அதைக் கையில் எடுத்து அத்தையைப் பார்த்தார். "அது தேவையில்லாத போல்ட்டு. நீதான் எடத்த அடச்சு வச்சிருந்த" என்று அத்தை அவரைச் சாப்பிட அழைத்துப் போய்விட்டாள். மோட்டார் ஓடியது. சத்தம்தான் கொஞ்சம் கூடுதல்.

சிகப்பி படிப்பை முடித்து அரசாங்க வேலையில் சேர்ந்தாள். அப்போதும் அத்தை வீம்பை விடவில்லை. அடைக்கலம் மாமா இனிப்போடு வந்தபோது, "யாரு மகளுக்கு வேல?" என்று கேட்டவள் அவள்.

ஒரு கார்த்திகைக்கு, விராலிமலை முருகனைக் கும்பிட வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மலையேறிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, ஊர் எதுவும் இல்லாத ஒரு பொட்டலில் கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். காட்டாறு ஒன்றின் குறுக்கே புதிதாகப் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்ட் மூட்டைகள், கம்பிகள், சாந்துச் சட்டி தூக்கும் ஆட்கள். நடுவில் சேலையைத் தூக்கிச் செருகி, தலைக்கு ஓலைத் தொப்பி வைத்துக்கொண்டு சிகப்பி நின்றாள். "கம்பி வளைஞ்சிருக்கு, அவுத்துட்டுத் திரும்பக் கட்டுங்க" என்று அவள் கத்தியது இங்கே வரை கேட்டது. கொத்தனார் முனகிக்கொண்டே அவிழ்த்தார்.

"வாங்க அத்த, கிட்டப் போவோம்" என்றேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். பிடித்த கையை விடவில்லை. எங்களைப் பார்த்துவிட்டு ஒரு மேஸ்திரி வந்தார்.

"யாருங்க ஆத்தா? வெயில்ல நிக்கிறீங்களே, யாரப் பாக்கணும்?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணையும் சேர்த்துத்தான்.

"யாரையும் இல்லப்பா. பஸ்ஸுக்கு நிக்கிறோம்."

பஸ்கள் வந்தன, போயின. பொழுது சாய்கிற வரை எதற்கும் அவள் கை காட்டவில்லை.